நண்பனிடம் கேட்காத கேள்வி

1994 நவம்பர் 30 இரவு. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய குவாட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பாட வந்தார் டூபாக் ஷகூர். வயது 23. இன்னொரு பாடகரின் பாட்டில் சில வரிகள் பாடிக்கொடுத்தால் பணம் தருவதாகப் பேச்சு. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நின்றவரைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் மடக்கி, நகைகளைப் பறித்து, சுட்டுப்போட்டுப் போனார்கள். உடம்பில் ஐந்து குண்டுக் காயங்கள். ரத்தம் வழிய அவர் லிஃப்டில் ஏறி மேலே போனார். அங்கே ஒலிப்பதிவுக்காகக் கூடியிருந்தவர்களில் அவருடைய நண்பர் கிறிஸ்டோபர் வாலஸ் ஒருவர். பிக்கி என்றும் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்றும் இசையுலகம் அறிந்த மனிதர். பிக்கியின் பாட்டுகளை வெளியிட்ட பேட் பாய் நிறுவனத்தின் முதலாளி ஷான் கோம்ஸும் அங்கே இருந்தார். அந்த முகங்களில் தான் எதிர்பார்த்த பதற்றம் இல்லை என்று டூபாக்குக்குப் பட்டது. இவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

அந்த எண்ணம் சரியா, தவறா என்று இருவரும் தனியே உட்கார்ந்து பேசித் தெளியவே இல்லை. இரண்டரை ஆண்டுக்குள் இருவரும் செத்துப்போனார்கள். டூபாக்குக்கு 25 வயது, பிக்கிக்கு 24.

ஹிப்-ஹாப் உலகத்துப் பகைகளைப் பற்றிப் பேசும்போது கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று வரைபடம் விரிப்பது வழக்கம். நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் போர் மூண்டது போலவும், இரண்டு தளபதிகள் களத்தில் விழுந்தது போலவும் கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. இரண்டு நண்பர்களுக்கு நடுவே விழுந்த ஒரு சந்தேகத்தை ஒரு பெரிய கூட்டம் எடுத்து வளர்த்தது, விற்றது, வேடிக்கை பார்த்தது. நடந்தது அதுதான். நம் வீட்டிலும் தெருவிலும் நடப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். அதனாலேயே இதை வாழ்க்கையைப் பற்றிய விஷயமாக எடுத்துப் பேசுகிறேன்.

அவர்கள் நண்பர்களாக இருந்த காலத்தை முதலில் சொல்ல வேண்டும். 1993-இல் டூபாக் பெயர் பெற்ற பாடகர், படங்களிலும் நடித்துவிட்டவர். பிக்கியின் முதல் ஆல்பம் இன்னும் வரவில்லை. புரூக்ளினில் வளர்ந்தவர் பிக்கி. ஜமைக்காவிலிருந்து வந்து, சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தனியாக மகனை வளர்த்தார் அம்மா வலெட்டா வாலஸ். கலிஃபோர்னியா போனால் பிக்கி டூபாக்கின் வீட்டு சோஃபாவில்தான் படுத்துக்கொள்வார். அந்த ஆண்டு நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். இருவரும் மாறி மாறி வரி கட்டிப் பாடிய அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. முன்னால் போனவர் பின்னால் வந்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட நட்பு அது.

குண்டடி பட்ட மறுநாள், உடம்பெல்லாம் கட்டோடு சக்கர நாற்காலியில் டூபாக் நீதிமன்றத்துக்கு வந்தார். ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்திய வழக்கில் அன்றுதான் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஒன்றரை முதல் நாலரை ஆண்டு வரை சிறை. அவரைப் புனிதராக்கிப் பேசும் பலர் இந்த வழக்கைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. அந்தப் பெண்ணின் வலியும் இந்தக் கதைக்குள் உண்டு.

சிறைக்குள் அவருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. தெளிவதற்கு வழி கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சேதி கொண்டுவந்தார்கள். 'வைப்' என்ற இசைப் பத்திரிகைக்கு அவர் சிறையிலிருந்தபடி பேட்டி கொடுத்தார். அன்றிரவு மேல்மாடியில் யார் யார் இருந்தார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்று தன் சந்தேகங்களை அதில் கொட்டினார். 1995 வசந்தத்தில் அது அச்சானது. பெயர் சொல்லப்பட்டவர்கள் சில மாதம் கழித்து அதே பத்திரிகையில் மறுத்துப் பேசினார்கள். ஒரே சோஃபாவைப் பகிர்ந்துகொண்டவர்கள் கடையில் விற்கும் பத்திரிகை வழியாகப் பேசிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. இடையில் 1995 பிப்ரவரியில் பிக்கியின் பாட்டு ஒன்று வெளியானது. சுட்டது யார் என்று கேட்பது அதன் தலைப்பு. அந்தத் தாக்குதலுக்கு முன்பே பதிவு செய்தது என்று பிக்கியின் தரப்பு சொன்னது. இருக்கலாம். ஆனால் நண்பன் குண்டுக் காயத்தோடு சிறையில் கிடக்கும்போது அந்தத் தலைப்பை வெளியிடலாமா என்று யோசிக்கும் மனம் அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. டூபாக் அதைத் தன் முகத்தில் துப்பியதாகவே எடுத்துக்கொண்டார்.

திருவள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். புறங்கூறுதலைச் சின்னப் புத்தி, பெண்கள் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது நம் பழக்கம். முகத்துக்கு நேரே கேட்க வேண்டியதை மூன்றாவது மனிதரிடம் சொல்வதால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. கேட்டவர் அதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்.

அப்போதுதான் ஷுக் நைட் உள்ளே வந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் டெத் ரோ என்ற இசை நிறுவனத்தை நடத்தியவர். காம்ப்டன் நகரத்துப் பிளட்ஸ் கும்பலோடு நெருக்கம் உள்ளவர். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கிலேயே நடந்த 'சோர்ஸ்' விருது மேடையில் ஏறி, ஷான் கோம்ஸைப் பெயர் சொல்லாமல் எல்லாருக்கும் புரியும்படி கேலி செய்தார். அடுத்த மாதம் அட்லாண்டாவில் ஒரு விருந்தில் நைட்டின் நண்பர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். நைட் அதற்கும் கோம்ஸின் தரப்பையே குற்றம் சாட்டினார், கோம்ஸ் மறுத்தார். அக்டோபரில் 14 லட்சம் டாலர் ஜாமீன் கட்டி டூபாக்கை வெளியே எடுத்தது டெத் ரோ. அதற்கு விலையாக டூபாக் அந்த நிறுவனத்துக்குப் பாட ஒப்பந்தம் போட்டார். காயம் பட்டவனுக்கு ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை. அந்தக் காயத்துக்கு முதலாளி கிடைத்தார்.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கோபம் நல்ல சரக்கு. 1996-இல் டூபாக் வெளியிட்ட வசைப் பாட்டு பிக்கியின் மனைவியை இழுத்தது, குடும்பத்தை இழுத்தது, நோயாளி ஒருவரின் நோயைக் கூட இழுத்தது. வானொலிகள் அதை ஒலிபரப்பின. பத்திரிகைகள் கிழக்கா மேற்கா என்று அட்டை போட்டன. டெத் ரோவுக்குப் பின்னாலும் பேட் பாய்க்குப் பின்னாலும் பெரிய பெரிய ஒலித்தட்டு நிறுவனங்கள் இருந்தன. யார் பாட்டு விற்றாலும் மேலே இருப்பவர்களுக்குப் பணம் போனது. கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் உயிர் போகும் ஆபத்து. சண்டை மூட்டிவிட்டவர்களில் ஒருவர் கூட அந்த ஆண்டில் குண்டடி பட்டுச் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1996 செப்டம்பர் 7. லாஸ் வேகாஸில் மைக் டைசனின் குத்துச்சண்டை பார்த்துவிட்டு டூபாக்கும் நைட்டும் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியின் கூடத்தில் வந்துகொண்டிருந்தார்கள். உடன் வந்த ஒருவர் அங்கே நின்ற ஓர் இளைஞனை அடையாளம் காட்டினார். ஓர்லாண்டோ ஆண்டர்சன், காம்ப்டனின் எதிர்க் கும்பலான கிரிப்ஸைச் சேர்ந்தவன். அந்தக் கோடையில் ஒரு கடைவளாகத்தில் டெத் ரோ பதக்கம் கோத்த சங்கிலியைப் பறித்தவர்களில் அவனும் உண்டு என்று சொன்னார். சங்கிலி டூபாக்குடையது அல்ல, கூட வந்தவருடையது. ஆனாலும் முதல் குத்து டூபாக்கினுடையது. மற்றவர்கள் சூழ்ந்து மிதித்தார்கள். கண்காணிப்புக் கேமரா அதைப் படம்பிடித்து வைத்திருக்கிறது. சில மணி நேரம் கழித்து, இரவு பதினொன்றேகால் வாக்கில், ஃபிளமிங்கோ சாலை முனையில் சிவப்பு விளக்குக்கு நின்ற நைட்டின் கறுப்பு பி.எம்.டபிள்யூ காருக்குப் பக்கத்தில் வெள்ளை கேடில்லாக் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து சுட்டார்கள். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, டூபாக் மருத்துவமனையில் இறந்தார்.

27 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், ஆண்டர்சனின் மாமா டுவேன் டேவிஸ் கைதானார். அந்த வெள்ளைக் காரில் தான் இருந்ததாக அவரே புத்தகம் எழுதி விற்றிருந்தார்; நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்திருக்கிறார். அரசுத் தரப்பு சொல்லும் காரணம் கூடத்தில் விழுந்த அந்த அடி. கரைகளின் போரும் இல்லை, பாட்டில் யார் பெரியவர் என்ற போட்டியும் இல்லை. வேறொருவர் சங்கிலிக்காக வேறொரு கும்பலின் பகையைத் தன் கையால் வாங்கிக்கொண்டார் ஒரு கவிஞர். ஆண்டர்சனும் நீண்டநாள் இருக்கவில்லை. 1998-இல் காம்ப்டனில் வேறொரு தகராறில் சுடப்பட்டுச் செத்தான்.

பிக்கியின் சாவு இன்னும் மொட்டையானது. 1997 மார்ச் 9, லாஸ் ஏஞ்சலிஸ், பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்தில் நடந்த விருந்து முடிந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பியபோது சிக்னலில் காருக்குள் இருந்தபடியே சுடப்பட்டார். விருந்தை நடத்தியவர்களில் அதே 'வைப்' பத்திரிகையும் ஒன்று. இரண்டு வாரத்தில் அவருடைய இரண்டாவது ஆல்பம் வந்தது. தலைப்பில் சாவுக்குப் பிந்திய வாழ்வு இருந்தது, லட்சக்கணக்கில் விற்றது. அவர் கொலைக்காக இன்றுவரை ஒருவர் மீதும் வழக்குப் பதிவாகவில்லை.

குவாட் கூடத்துச் சந்தேகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2011-இல், வேறு குற்றங்களுக்காக ஆயுள் தண்டனையில் இருந்த ஒருவர், அன்றிரவு டூபாக்கைக் கொள்ளையடித்தது தானே என்று ஒப்புக்கொண்டார். பணம் கொடுத்து ஏவியவர் என்று அவர் சுட்டியது பிக்கியை அல்ல. இசைத்துறையின் வேறொரு ஆளை. சுட்டப்பட்டவர் மறுத்தார். ஒரு கைதியின் வாக்குமூலத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் டூபாக் உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1999-இல் ஒரு தொலைக்காட்சி விருது மேடையில் இரண்டு தாய்மார்கள் சேர்ந்து வந்து நின்றார்கள். ஒருவர் டூபாக்கின் அம்மா அஃபெனி ஷகூர். கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் இருந்தவர். டூபாக்கை வயிற்றில் சுமந்தபடி சிறையில் கிடந்து, தன் வழக்கைத் தானே வாதாடி விடுதலையானவர். இன்னொருவர் வலெட்டா வாலஸ். பிள்ளைகள் இருவரும் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள். பக்கத்தில் நின்றார்கள். பழி சொல்ல இருவருக்கும் உரிமை இருந்தது, இருவரும் சொல்லவில்லை.

நான் இந்த இசையை வெறுத்து எழுதவில்லை. பாட்டில் மோதிக்கொள்வது ஹிப்-ஹாப்பின் உயிர். 1981-இல் ஹார்லெமின் ஒரு கூடத்தில் கூல் மோ டீ என்ற பாடகர் பிஸி பீயை மேடையிலேயே வரிக்கு வரி வீழ்த்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த நாள் இருவரும் உயிரோடு வேலைக்குப் போனார்கள். தஞ்சைப் பக்கத்தில் விடிய விடிய லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சி. வசையும் வரும், கிண்டலும் வரும். விடிந்ததும் இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் காப்பி குடிக்கும். சொல்லின் சண்டைக்கு எல்லை எது என்று அந்தக் கலைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. ராப் பாடகர்களிலும் பெரும்பாலோருக்கு அது தெரியும். துப்பாக்கி பக்கம் போகாமல் வாழ்ந்து முடித்தவர்களும் வாழ்பவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. பாட்டு வரியை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு தண்டிப்பதும் அநியாயம்தான். கலிஃபோர்னியா 2022-இல் அதற்குத் தடுப்பாகவே ஒரு சட்டம் செய்தது. கொலைக்குக் காரணம் பாட்டு என்றால் பாட்டே இல்லாத தெருக்களில் ஏன் கொலை நடக்கிறது? வேலை போன ஊர்கள், எரிந்துபோன குடியிருப்புகள், மிட்டாய் போலக் கிடைக்கும் துப்பாக்கிகள் எல்லாம் இதற்கு அடியில் இருக்கின்றன.

அந்த அடியிலிருந்தே வேறொரு வழியும் பிறந்தது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1971. வீட்டுக்காரர்களே காப்பீட்டுப் பணத்துக்காக வீட்டைக் கொளுத்திய காலம். தெருவுக்குத் தெரு கும்பல். கெட்டோ பிரதர்ஸ் என்ற குழுவில் சமாதானத் தூதர் என்றே ஒருவரை வைத்திருந்தார்கள். பெயர் கார்னெல் பெஞ்சமின். எல்லாருக்கும் பிளாக் பெஞ்சி. டிசம்பர் 2 அன்று மோதிக்கொள்ள நின்ற கும்பல்களுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு போனார். அடித்தே கொன்றுவிட்டார்கள். செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பழிவாங்கத் தயாராகிவிட்டார்கள். தலைவர் பெஞ்சி மெலெண்டஸ் சொல்லும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவரோ இறந்தவரின் அம்மாவைப் பார்க்கப் போனார். பழி வேண்டாம், என் மகன் சமாதானத்துக்காகத்தானே போனான் என்பது அந்தத் தாயின் நிலை. மெலெண்டஸ் அதை ஏற்றார். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, ஹோ அவென்யூ சிறுவர் மன்றத்தில் பிராங்க்ஸின் கும்பல்கள் கூடிப் பேசிச் சமாதானம் செய்துகொண்டன. அது முழுதும் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவின் கொண்டாட்டத்துக்கு உயிர்ப்பயமின்றிப் போகும் வழி மெல்லத் திறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் கூல் ஹெர்க் என்ற இளைஞனும் அவன் தங்கையும் ஒரு விருந்து நடத்தினார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவு. ஹிப்-ஹாப் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது அந்த நாளை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பழி வேண்டாம் என்று சொல்லி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை அப்போது. இந்த இசை ரத்தத்தில் பிறந்தது என்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அதே பிராங்க்ஸில் 1987-இல் ஸ்காட் லா ராக் என்ற இசைக்கலைஞர் ஒரு தகராறைத் தீர்த்துவைக்கப் போய்ச் சுடப்பட்டார். அவருடைய கூட்டாளி கே.ஆர்.எஸ்.-ஒன் வாய்ச்சண்டைக்குப் பேர் போனவர். பழிக்குப் பழி என்று அவர் கிளம்பவில்லை. வன்முறையை நிறுத்து என்று ஓர் இயக்கம் தொடங்கினார். 1989-இல் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய பாட்டு வந்தது; வருமானம் கறுப்பின மக்களுக்கான நலச் சங்கத்துக்குப் போனது.

பிற்காலத்தில் ராப் பாடகர்கள் ஜே-சீயும் நாஸும் மோதியது எனக்கு இன்னும் பெரிய பாடமாகத் தெரிகிறது. 2001-இல் இருவரும் மாறி மாறி வசை பாடினார்கள். டூபாக்கும் பிக்கியும் செத்து ஐந்து ஆண்டு வாக்கில்தான் ஆகியிருந்தது. ஒரு கட்டத்தில் ஜே-சீ எல்லை மீறினார். நாஸுக்குக் குழந்தை பெற்ற பெண்ணைப் பற்றி இழிவாகப் பாடி அதை வானொலியில் போட்டார். கேட்டார் ஜே-சீயின் அம்மா குளோரியா கார்ட்டர். மகனைக் கூப்பிட்டு, இது தவறு, மன்னிப்புக் கேள் என்றார். உலகமே அண்ணாந்து பார்த்த அந்த மனிதர் வானொலியில் போய் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு அவரைக் கோழை என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2005 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஜே-சீ நடத்திய நிகழ்ச்சிக்குப் போர்ப் பிரகடனம் என்று பெயர். கூட்டம் சண்டையை எதிர்பார்த்து வந்தது. நடுவில் நாஸைக் கூப்பிட்டு மேடையில் கைகோத்தார். இருவரும் இன்று ஐம்பது வயதைத் தாண்டி, பாடிக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

டூபாக்கைச் சுற்றி இருந்தவர்களில் அப்படி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் அவர் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள், அல்லது அவரால் சம்பாதித்தவர்கள். பெயரும் பணமும் வரும்போது ஒருவன் முதலில் இழப்பது, தன்னைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் ஆட்களை. நைட்டுக்கும் அப்படி ஒருவர் இருக்கவில்லை போலும். 2015-இல் காம்ப்டனில் ஒரு மனிதர் மீது வண்டியேற்றிக் கொன்ற வழக்கில் 28 ஆண்டு சிறை பெற்று இன்று உள்ளே இருக்கிறார்.

இப்போது மூட்டிவிடும் வேலைக்குப் பத்திரிகை கூட வேண்டாம், கைபேசி போதும். 2012-இல் சிகாகோவின் எங்கிள்வுட்டில் ஜோஜோ என்ற பதினெட்டு வயதுப் பையன் எதிர்க் கும்பலை வம்புக்கிழுத்து யூடியூபில் பாட்டுப் போட்டான். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். செப்டம்பரில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோது அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு அந்த நகரத்தில் செத்தவர்களின் பெயரைச் சொல்லிச் சிரிக்கும் பாட்டுகள் ஒரு வகையாகவே வளர்ந்தன. பாடியவர்களில் பலர் அடுத்தவர் பாட்டில் பெயரானார்கள். ஊர் தெரியாத நாம் இங்கே உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம். நாம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறுகிறது, எண்ணிக்கைக்குக் காசு உண்டு.

இது நமக்கு அந்நியமான சேதியும் இல்லை. பஞ்சாபின் பாடகர் சித்து மூஸ்வாலா டூபாக்கைக் கொண்டாடியவர். 2022 மே மாதம் அவர் வெளியிட்ட 'தி லாஸ்ட் ரைட்' என்ற பாட்டு டூபாக்கின் கடைசிக் கார்ப் பயணத்தை நினைவுகூர்ந்தது. இரண்டு வாரம் கழித்து, மே 29 அன்று, மான்சா மாவட்டத்தில் காரோட்டிப் போனவரைக் கும்பல் வழிமறித்துச் சுட்டது. வயது 28. அவருக்கு இருந்த காவல் பாதுகாப்பை முந்தின நாள்தான் அரசு குறைத்திருந்தது. முன்னொரு கொலைக்குப் பழி என்று பொறுப்பேற்ற கும்பல் சொன்னது. டூபாக்கின் சாவு ஓர் அழகான முடிவு என்று யாரோ எப்போதோ நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சட்டையில் அவர் முகத்தை அச்சடித்து விற்கிறார்கள். ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்ததை, ஒரு நுரையீரலை அறுத்து எடுத்ததை யாரும் அச்சடிப்பதில்லை.

2024-இல் ராப் பாடகர்கள் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் மோதிக்கொண்டார்கள். சில வாரங்களில் எத்தனையோ பாட்டுகள்; ஒருவரை ஒருவர் சொல்லக் கூசும் குற்றங்கள் சாட்டினார்கள். மே 7 அன்று டொரன்டோவில் டிரேக்கின் வீட்டு வாசலில் காவலாளி ஒருவர் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். பாட்டுச் சண்டைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க உலகம் கேட்ட கேள்வி ஜெயித்தது யார் என்பதுதான். காவலாளி பிழைத்தாரா என்று கேட்டவர்கள் குறைவு. ஜூன் 19 அன்று லமார் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் நடத்திய நிகழ்ச்சியில், ஒருவரை ஒருவர் பல்லாண்டு கொன்றுகொண்டிருந்த தெருக்களின் ஆட்களை ஒரே மேடையில் நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒருவனை இழிவுபடுத்திய பாட்டின் மேல் ஏறித்தான் அந்த ஒற்றுமை நடந்தது என்பது எனக்கு உறுத்துகிறது.

வசைப் பாட்டு கேட்கக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அதன் சொல்லழகை ரசியுங்கள். ஆனால் ஒருவன் வீட்டுப் பெண்களை, பிள்ளைகளை, செத்தவர்களை இழுக்கும் வரி வரும்போது கைதட்டாதீர்கள்; அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். இன்றைய சண்டைகளுக்குத் தீனி நம் கைதட்டல்தான். அது நின்றால் பாதிப் பகை பட்டினியில் சாகும்.

இதைப் படிக்கும் தம்பி எவருக்காவது நெடுநாள் நண்பன் மேல் இப்போது ஒரு சந்தேகம் இருக்குமானால், அதை ஸ்டேட்டஸில் எழுதாதே. நண்பர்கள் குழுவில் கேட்காதே. நடுவில் வந்து நிற்கும் பெரிய மனிதரிடம் சொல்லாதே. அவன் வீட்டுக்குத் தனியாகப் போ. அவன் அம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடி. பிறகு அவனை வெளியே கூப்பிட்டு, மனதில் இருப்பதை அப்படியே கேள். இந்த வாரத்துக்குள் கேட்டுவிடு.